ஒரு வீட்டுக்கு ஒரே தோட்டா

வயோமிங் மலையடிவாரத்தில் வெர்லினை மிஞ்சிய பிடிவாதக்காரன் கிடையாது. வீட்டில் எத்தனை துப்பாக்கி இருந்தாலும் தோட்டா ஒரே ரகம்தான் என்பது அவன் சட்டம். மலையில் ஒருவருக்குத் தீர்ந்தால் மற்றவர் கொடுக்கலாமே! மனைவி இடெல்லுக்கும் தன்னுடையதைப் போலவே 'முந்நூறு மேக்னம்' துப்பாக்கி வாங்கிக் கொடுத்தான். எல்க் மானைச் சாய்க்கிற தோட்டா அதற்கு. சுடும்போது பின்னால் உதைத்து, சுடுகிறவர் தோளையும் சும்மா விடாது.

"தோள் கன்னிப்போகுது வெர்லின். எனக்கு மட்டும் அவ்வளவா உதைக்காத அந்த ஆறரைத் துப்பாக்கி வாங்கிக் குடேன்."

"அதை வச்சு முயலைத்தான் சுடணும்," என்று சிரித்தான்.

சில வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு கூட வந்தாள். பிறகு வேட்டையையே விட்டுவிட்டாள். மலை அலுத்துவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, அவன் வேட்டைக் கூடாரத்தில் தனியாகக் கிடந்தான்.

போன குளிர்காலத்தில் இடெல் போய்ச் சேர்ந்தாள். கோடையில் அவன் தோளில் அறுவை சிகிச்சை. மேக்னத்தைத் தொடவே கூடாது என்றுவிட்டார் டாக்டர்.

கடைக்கார ஹாலிஸ் புத்தம்புது ஆறரைத் துப்பாக்கியை நீட்டினான். "இப்ப ஃபேக்டரியிலேர்ந்து வர்றதுல பாதி இதுதான். கடைசியில வழிக்கு வந்தியா, கிழவா!"

கடைக்குப் பின்னாலிருந்த திடலில் வெர்லின் படுத்து, மூச்சை அடக்கிச் சுட்டான். தூரத்து இரும்புத் தகடு கணீரென்றது. அவன் அசையவில்லை. அடுத்த தோட்டாவை ஏற்றவும் இல்லை.

ஹாலிஸ் பதறிக் குனிந்தான். "என்னப்பா, வலிக்குதா?"

"இல்லடா," என்றான் வெர்லின், முகத்தைத் தூக்காமலே. "வலிக்கவே இல்ல."