சும்மாடு கட்டியவனின் பெயர்

இந்த நாட்டில் வெள்ளைக்காரர் வெறுங்காலோடு கடைக்கு வருவார்கள். எண்பத்தெட்டில் ஆக்லாந்து வந்தேன். எட்டு வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை. பாலும் பாணும் விற்கிற எங்கள் தெருமுனை டெய்ரியில், காரில் வந்து இறங்கும் கனவான்கள் தார் ஒட்டிய பாதங்களோடு வரிசையில் நிற்பார்கள். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் மட்டும் சப்பாத்தை மினுக்கிப் போட்டுக்கொண்டு போவேன். என் கால் வெறுங்காலாக இருந்தால் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும். அந்த அர்த்தத்தை எங்கே படித்தேன் என்பது போன மாதம்தான் விளங்கியது.

பென்ரோஸில் ஒரு பண்டகசாலையில் நான் பெட்டி அடுக்குகிறவன். என் மேற்பார்வையாளன் கெவின் நல்லவன். ஒரு வெள்ளிக்கிழமை வீடியோ கசெட் ஒன்றைக் கையில் தந்து, "உன் நாட்டுப் படம். காடு, யானை எல்லாம் இருக்கு. மகளுக்குக் காட்டு" என்று ஆங்கிலத்தில் சொன்னான். எங்கள் யாழ்ப்பாணத்தில் பனைதான் உண்டு, யானை இல்லை என்றேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான்.

உலக யுத்த காலத்து ஹொலிவூட் படம், கறுப்பு வெள்ளை. எதிரிகளின் மறைவிடத்தைத் தேடி ஒரு வெள்ளை வீரன் காட்டுக்குள் போகிறான். பின்னால் வெறுங்காலோடு பெட்டி சுமப்பவர்களின் வரிசை. ஊர்த் தலைவனாக வந்தவனும் வெள்ளைக்காரன்தான். முகத்தில் கரி, கழுத்துக்குக் கீழே வெள்ளை. பூசுகிற கரியையாவது ஒழுங்காகப் பூசக்கூடாதா? விசர்க் கூட்டம்! இப்படியான படங்களை யாழ்ப்பாணத் தியேட்டரில் மலிவான கலரியில் இருந்து பார்த்து, வெள்ளை வீரனுக்கு விசிலடித்தவன் நான். பெட்டியோடு ஆற்றில் விழுந்தவனைப் பார்த்துச் சிரித்தவனும் நான்தான். நினைக்க என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

இங்கே பிறந்த என் ஏழு வயது மகள் அபிராமி பக்கத்தில் இருந்தாள். திரையில் எல்லாரும் பெட்டியை வெறுந்தலையில் தூக்கி வைத்தார்கள். உள்ளே ஒன்றுமில்லாத பெட்டிகள். கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது, எனக்கு அதுதானே தொழில். கடைசியாக நின்ற ஒருவன் மட்டும் தோள் துண்டை உதறி, முறுக்கி, வளையமாகச் சுற்றித் தலையில் வைத்தான். சும்மாடு! சுமை தலையை அழுத்தாமல் எங்கள் ஊர்க்காரர் கட்டுகிறது. அவன் வாயைத் திறந்தான்.

"கால் சுடுது ஐயா. இன்னும் எத்தினை தரம் நடக்கிறது?"

அசல் தமிழ். படம் பிடிக்கிறவர்களிடம் முறையிடுகிறான். வீரன் கூட வந்த தன் காதலியிடம் அதை மொழிபெயர்த்தான்: மலைத் தெய்வம் கோபமாக இருக்கிறதாம்.

"பொய்யடா!" என்று தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தினேன். "கால் சுடுதெண்டெல்லோ அந்த மனுசன் சொல்லுறான்!"

"நோ அப்பா. மவுண்டன் காட் இஸ் ஆங்ரி" என்றாள் அபிராமி.

"அவன் கதைக்கிறது தமிழ், பிள்ளை. எங்கட தமிழ்."

"பட் ஹவ் டூ யூ நோ?"

என் சொந்த வீட்டில், என் சொந்தப் பாஷைக்கு, நான் சாட்சி தேட வேண்டியிருந்தது. அந்தக் கரிமுகக் கூட்டத்தை அவள் நம்புகிறாள், என்னை நம்பவில்லை. கசெட்டைத் திருப்பித் திருப்பி ஓடவிட்டேன். ஏழாவது தரமோ எட்டாவது தரமோ அவனோடு சேர்ந்து அவள் உதடும் அசைந்தது. பிறகு, முடிவில் ஓடிய பெயர்களை விரலால் தொட்டுத் தொட்டுத் தேடினாள். படத்தில் வந்த குரங்குக்குக்கூடப் பெயர் இருந்தது. "வாட்ஸ் ஹிஸ் நேம், அப்பா?" என்று கேட்டாள். கசெட்டை மறுபடி பின்னால் ஓடவிட்டேன்.

திங்கட்கிழமை கெவினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பழைய படம்தானே, மேட்" என்றான். கையில் இருந்த பெட்டியைப் பொத்தென்று கீழே போட்டேன். முதுகு பிடித்துவிட்டதாக்கும் என்று நினைத்து, போய் ஒரு தேத்தண்ணி குடிக்கச் சொன்னான்.

போன சனிக்கிழமை நல்ல வெயில். பள்ளித் தோழிகளைப் போல அபிராமியும் வெறுங்காலோடு டெய்ரிக்கு ஓடினாள். செருப்பைப் போடச் சொல்லிக் கத்திக்கொண்டே பின்னால் போனேன். தெருவைக் கடந்ததும் நின்று, காலை மாற்றி மாற்றித் தூக்கி, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கால் சுடுது, அப்பா!"

அவள் தானாகச் சொன்ன முதல் தமிழ் வசனம். அந்த மனிதன் இழுத்த அதே இழுவையோடு சொன்னாள். கடை வாசலில் வெறுங்காலோடு நின்ற வெள்ளைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓம் பிள்ளை, சுடும்" என்று ஓடிப்போய் அவளைத் தூக்கினேன்.