ஒரே நம்பரில் ஏழு பேர்

எங்கள் தெருவில் ஏழு வீட்டுக்கு என் போன் நம்பர்தான். இதில் திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. எதிர்வீட்டு அத்தையிடம் போனே கிடையாது. பக்கத்து வீட்டு மாமா ரீசார்ஜ் முடிந்தால் சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவார். யார் வந்து நம்பர் கேட்டாலும், "அந்தப் பொண்ணு நம்பரை எழுதிக்கோங்க, அது மாத்தாது" என்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

என் நைனா ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஒரு டேனரியில் வேலை செய்தவர். ஈரத் தரையில் வழுக்கி விழுந்து முதுகெலும்பு போனது. படுத்தே கிடந்ததில் முதுகில் புண் வந்தது. வீட்டுக்கே வந்து பார்க்கும் திட்டத்தில் அந்த ஏழு வீட்டிலும் ஒருவர் பேர் என் நம்பரோடு பதிந்திருந்தது. நைனாவுக்கு வாராவாரம் ஒரு நர்சம்மா வந்து கட்டுப் போடுவார். நைனா வாய் சும்மா இருக்காது.

"இன்னா சிஸ்டர், பச்சைத் தோலுக்கு உப்பு போடற மாதிரி தேய்க்கறீங்க?"

"உங்க தோலு எக்ஸ்போர்ட்டுக்குத் தேறாது. சும்மா படுங்க."

ஒரு வாரம் அவர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. நானே பஞ்சு வாங்கிவந்து கட்டினேன். டேனரி ஊரில் பிறந்தவளுக்கு நாற்றம் பழக்கம்தான். இது வேறு நாற்றம். எனக்குப் புரிந்தது, ஆனால் நம்ப மனசு வரவில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நர்சம்மா தன் லீவு நாளில் வந்தார். "என் டேப்லெட்ல உங்க தெருவே காணோம் கண்ணு. கம்ப்யூட்டர் காட்டற வீட்டுக்குத்தான் போவணும். வேற எங்கனா நின்னா, ஏன் நின்னேன்னு கேக்கறாங்க. ஆபீஸ்ல எத்தினி வாட்டி சொல்லிட்டேன்!" என்று பேசிக்கொண்டே கட்டைப் பிரித்தார். புண்ணைப் பார்த்ததும் அவரே ஆம்புலன்சுக்குச் சொன்னார். ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்றார்கள். ஆறாம் நாள் நைனா போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் எதிர்வீட்டு அத்தை கூப்பிட்டாள். பக்கவாதம் வந்து படுத்திருப்பவள். "பாப்பா, எனக்கும் முதுகுல எரியுது. கொஞ்சம் பாரேன்." பார்த்தேன். நைனாவுக்கு ஆரம்பித்த அதே இடத்தில் தோல் சிவந்து, நடுவில் திறந்திருந்தது. அப்படியே பஸ் ஏறி அந்தத் திட்டத்து ஆபீசுக்குப் போனேன்.

அங்கே ஒரு பெரிய திரை. அதில் மேப்பு, கலர் கலராகப் புள்ளி. முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு என்னைவிட நாலைந்து வயது அதிகம் இருக்கும். தெருப் பேரைத் தட்டிப் பார்த்தார்.

"ஒரே நம்பர்ல ஏழு பேரு இருக்காங்க. இரட்டைப் பதிவுன்னு சிஸ்டம் லிஸ்ட்ல இருந்து எடுத்திருக்கு. சரிபாக்க மூணு தடவை போன் பண்ணியிருக்கோம், எடுக்கலையே?"

நான் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். போனைக் கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். சாயங்காலம் மிஸ்டு கால் பார்த்தேன். லோன் வேணுமா என்று கேட்கிறவர்களாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். இப்போது நினைத்தாலும் என் தலையை நானே சுவரில் மோதிக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஆனால் ஒருத்தி போன் எடுக்காததற்கு ஏழு பேரை அழிப்பார்களா?

"ஏழு பேரு, ஏழு வயசு, ஆம்பளை பொம்பளை எல்லாம் இருக்குது. அதைப் பாக்கலியா உங்க சிஸ்டம்?"

"நம்பரை மட்டும்தான் பாக்கும்."

"நம்பரை மட்டும் பாருன்னு அதுக்கு யாரு சொன்னது?"

"நான்தான். போலிப் பேரு நிறைய இருந்திச்சிம்மா. அதை எடுத்ததுல நர்சுங்களுக்கு டைம் மிச்சமாச்சு."

"மிச்சமான டைமை இன்னா பண்ணீங்க சார்? எங்க நைனா புண்ணு எத்தினி நீளம், எத்தினி ஆழம்னு வாராவாரம் அந்தம்மா எழுதிச்சே. போலிப் பேருக்குப் புண்ணு பெருசாவுமா?"

அவர் நைனாவின் பதிவைத் திறந்து படித்தார். எல்லாம் அங்கேயே இருந்தது. வாரம் வாரமாக அளவு. கடைசியில், "மோசமாகிறது, அடுத்த வாரம் கட்டாயம் பார்க்கணும்." எட்டாவதோடு நின்ற நான் அதை எழுத்துக்கூட்டாமல் படித்தேன். போன் நம்பரை ஒப்பிட ஒரு மிஷின் வைத்தவர்களுக்கு, இதைப் படிக்க ஒரு ஆள் வைக்கத் தோன்றவில்லை.

எனக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. அவர் திமிராகப் பேசியிருந்தால் கத்தியிருப்பேன். முகம் வெளுத்து, "ஏழு பேரையும் இப்பவே திரும்பச் சேத்துடறேன்" என்றார்.

"ஆறு பேரு சார்."

அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் கையை மவுசிலிருந்து எடுத்தார்.

"வரிசைப்படி செவ்வாக்கெழமை நர்ஸ் வருவாங்க" என்றார்.

"அத்தைக்கு இன்னிக்கே முதுகு தொறந்துக்கினு இருக்குது. இன்னிக்கு அனுப்புங்க. இல்லாங்காட்டி நான் இங்கயேதான் உக்காருவேன்."

சொன்னபடி உட்கார்ந்தேன். அவர் நர்சம்மாவுக்கு போன் போட்டு அனுப்பினார். இத்தனை நாளில் அந்த ஒரு போனைப் போட்டுக் கேட்டிருக்கலாம்.

நான் தெருவுக்குள் நுழையும்போது அத்தை வீட்டு வாசலில் நர்சம்மாவின் வண்டி நின்றது. உள்ளே அத்தை, "உன் கை வெளங்க! மெதுவாடி!" என்று திட்டிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு நர்சம்மா வெளியே வந்தார்.

"இப்ப பாத்ததால ஆறிடும் கண்ணு."

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"படிப்பாங்களா?"

"படிச்சாங்களான்னு போய்க் கேக்கத்தான் நீ இருக்கியே."

பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நைனாவைப் பறிகொடுத்துவிட்டுத்தான் நான் கேட்கப் போனேன். போய்க் கேட்க ஒருத்தரும் இல்லாத தெருக்களும் அந்த மேப்பில்தானே இருக்கின்றன? அங்கே முதுகு எரிகிறது என்று இப்போது யார் யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ.