அருங்காட்சியகத்து உலக்கை

நான் வயதுக்கு வந்த வாரத்தில் உலக்கையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினேன் என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்கிறார்கள். பேய் பிடித்தது என்கிறார்கள் சிலர். மாமாவை அடிக்கப் போனேன் என்கிறார்கள் சிலர். இரண்டும் பொய். முதலில், நான் ஓடவே இல்லை. நடந்துதான் போனேன். உலக்கையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியும் என்கிறவர்கள் ஒரு தடவை தூக்கிப் பார்க்கட்டும்.

எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கம். ரேஷன் கடை புதுக் கட்டடத்துக்குப் போன பிறகு, காலியாகக் கிடந்த பழைய கடைக்கு ஒரு கம்பெனி வெள்ளையடித்து, கண்ணாடிப் பெட்டிகள் வாங்கிப் போட்டு, அருங்காட்சியகம் என்று போர்டு மாட்டியது. ஊரில் பழைய சாமான் கேட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் தாராளமாகக் கொடுத்தார்கள். வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததை ஒருவர் வந்து எடுத்துப் போய், அதற்கு நன்றியும் சொன்னால் யாருக்குக் கசக்கும்? கலப்பை வந்தது, மரக்கால் வந்தது, மாடு கட்டித் தண்ணீர் இறைத்த ஓட்டைக் கவலைச்சால் வந்தது. அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, தன் வீட்டு உலக்கையைக் கொடுத்தார். ஊரில் மிச்சமிருந்த ஒரே உலக்கை அதுதான். மற்ற வீட்டு உலக்கைகள் மிக்சி வந்ததும் அடுப்புக்குப் போயின, அவற்றின் பூண்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. இவற்றோடு, கம்பெனி கட்ட மண் தோண்டியபோது கிடைத்த கல் கோடரிகள் ஒரு பெட்டியில் இருந்தன. ஆதி மனிதன் செய்தவையாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பிள்ளைகளுக்குக் கைவேலை வகுப்பு. நடத்தியவர் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். வாரம் முழுக்க ஒரகடத்துக் கம்பெனி லைனில் நின்று வேலை பார்த்துவிட்டு, லீவு நாளில் எங்களோடு மல்லுக்கட்டுவார். டீச்சர் என்றால் பிடிக்காது, அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். சாவியும் அவரிடம்தான் இருந்தது. முதல் வகுப்பில் எங்களுக்குச் சார்ட்டு அட்டையை வெட்டிக் கொடுத்து, ஒவ்வொரு சாமானுக்கும் பெயர் அட்டை எழுதச் சொன்னார். உலக்கைக்கு நான் எழுதினேன். ‘உலக்கை. நெல் குத்த உதவியது. இப்போது வழக்கத்தில் இல்லை.’ சுற்றிலும் பூ வரைந்து, நூல் கோத்து நானே கட்டினேன்.

பிறகு காகிதக் கூழ். பழைய பேப்பரை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்து, அதில் பொம்மை செய்ய வேண்டும். எல்லோரும் கிளி செய்தார்கள். மாமா பையன் யானை என்று ஒன்று செய்தான். எருமை என்றால் நம்பியிருக்கலாம். நான் பொக்லைன் செய்தேன். அக்கா ஏன் என்று கேட்டார். அந்தக் கல் கோடரியை மண்ணிலிருந்து தோண்டி எடுத்தது பொக்லைன்தானே, அதற்கு மட்டும் இங்கே ஏன் இடம் இல்லை என்று நான் கேட்டேன்.

பொக்லைனின் கை இரண்டு முறை உடைந்தது. உள்ளே கட்டுக்கம்பி வைத்து நிறுத்தினேன். வாளிக்குப் பல் கூட வைத்தேன். காய்ந்ததும் மஞ்சள் பெயிண்ட் அடிப்பதுதான் பாக்கி. அடுத்த ஞாயிறு கம்பெனியிலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள், அவரவர் பொம்மைக்குப் பக்கத்தில் அவரவர் நின்று பேச வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தார். நான் என்ன பேசுவது என்று யோசித்து வைத்துவிட்டேன்.

அந்த வாரம் பார்த்து வயதுக்கு வந்தேன்.

வீட்டுக்குப் பக்கவாட்டில் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பச்சை ஓலைக் குடிசை கட்டினார். தென்னந்தோப்பெல்லாம் பிளாட் ஆகிவிட்ட ஊரில் ஓலைக்கு அவர் அலைந்த அலைச்சலை இன்றும் சொல்லிக் காட்டுவார். என்னை உள்ளே குந்த வைத்தார்கள். தனித் தட்டு, தனி டம்ளர். யாரும் தொடக்கூடாது, நானும் எதையும் தொடக்கூடாது. தண்ணீர் ஊற்றும் நாள் வரை பள்ளிக்கூடம் கிடையாது, வகுப்பு கிடையாது. வாசலில் குறுக்கே உலக்கை போட வேண்டும், அப்போதுதான் காத்து கருப்பு அண்டாது என்றார் அத்தை.

உலக்கை எங்கே இருக்கிறது? மாமா தயங்கித் தயங்கி, “கம்பெனில ஸ்டீல் பைப்பு கீதுக்கா, அதே நீளம்தான்” என்றார்.

“பைப்ப போட்டு குந்த வைக்க இவ இன்னா குழாயா?” என்று சொல்லிவிட்டு அத்தை நேராக அருங்காட்சியகத்துக்குப் போனார். என் உலக்கை, நான் கொடுத்தது, என் தம்பி பெண்ணுக்கு வேண்டும் என்று அக்காவை அதட்டி வாங்கி வந்துவிட்டார். குடிசை வாசலில் குறுக்கே வைத்தபோது என் அட்டை அதில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

“இப்ப வழக்கத்துல இல்லன்னு போட்டுக்கீது, பாரு அத்தை” என்றேன்.

“எவடி அத எழுதனவ?”

“நான்தான்.”

“அப்ப அடிச்சிட்டு எழுது.”

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அருங்காட்சியகத்தில் வைத்தால் அந்தச் சாமானின் கதை முடிந்தது என்றுதானே அர்த்தம்? முடிந்துபோனது எப்படித் திரும்பி வந்து என் வாசலில் படுக்கும்?

சனிக்கிழமை சாயங்காலம் மாமா பையன் வந்தான். எட்ட நின்று, “உன் பொக்லைனுக்கு நானே பெயிண்ட் அடிச்சிக்கிறேன். சிவப்பு. நாளைக்கு நான்தான் பக்கத்துல நிக்கப் போறேன்” என்றான்.

“கைய வெச்ச, கொன்னுடுவேன்.”

“நீதான் வெளிய வரக்கூடாதே! இன்னா பண்ணுவ? குந்தினு பார்த்துகினு இரு” என்று பழிப்புக் காட்டிவிட்டு ஓடினான்.

ஞாயிறு காலை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. மாமா ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்து யூனிஃபார்மோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். அத்தையும் அம்மாவும் இருந்தார்கள். அப்பாவுக்கு அன்றும் ஓவர்டைம்.

“அண்ணே, கம்பெனிக்காரங்க பத்து மணிக்கு வாராவ. ஒரு சாமான் கொறஞ்சாலும் நான்தான் பதில் சொல்லணும். சாவிய புடுங்கிட்டு வகுப்ப மூடிருவாவ. ஒரே ஒரு மணி நேரம் உலக்கையத் தந்தா போதும்.”

“பொண்ணு குந்தினு கீதும்மா. நடுவுல எடுக்கக் கூடாது. அவங்கள கலப்பைய பாத்துட்டு போகச் சொல்லு” என்றார் மாமா.

“எடுத்தப்புறம் பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் கம்பெனிக்காரனா வந்து பாப்பான்?” என்றார் அத்தை.

அக்கா போகத் திரும்பினார். அப்போதுதான் நான் கேட்டேன், “அக்கா, என் பொக்லைன் இன்னா ஆச்சு?”

“ஒம் மாமா மவன் பெயிண்ட்ட தொறந்துக்கிட்டு நிக்கான், பிள்ள.”

நான் குனிந்து உலக்கையைத் தூக்கினேன். என்னைவிட உயரம். தோளில் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

“உலக்கை என் கூட இருக்கணும், அவ்ளோதானே? என் கூடதான் கீது. நானே போயி வெச்சிட்டு வரேன்” என்றேன்.

மாமா டீ டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடினார். அதற்குள் நான் தெருவுக்கு வந்துவிட்டேன். பாவாடை, தாவணி, கையெல்லாம் மஞ்சள், தோளில் உலக்கை, உலக்கையில் பூ போட்ட அட்டை. டீக்கடையில் கம்பெனி ஹாஸ்டல் பையன்கள் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல் பார்த்தார்கள். கம்பெனி பஸ் டிரைவர் பிரேக் போட்டு நிறுத்தி வழிவிட்டார்.

பின்னாலேயே வீட்டுக்கூட்டம் வந்தது. “ஏய், நில்லுடி!” என்று மாமா கத்திக்கொண்டே ஓடி வந்து என் தோளுக்குக் கை நீட்டினார். உடனே அம்மாவின் குரல் தெருவையே கிழித்தது.

“டேய் தம்பி, தொடாதடா! தீட்டு! தீட்டு! அவள தொடாத!”

மாமாவின் கை அந்தரத்தில் நின்றது. நான் நடந்தேன். மாமா முன்னால் ஓடி வந்து வழியை மறித்தார். நான் உலக்கையோடு நேராக அவர்மேலேயே நடந்தேன். “தள்ளி போடா, மேல படப் போறா! தீட்டு!” என்று அம்மா மறுபடியும் கத்தினார். மாமா துள்ளி விலகினார். அத்தை பக்கவாட்டில் வந்தபோதும் அதே கத்தல்தான். டீக்கடை, மளிகைக் கடை, பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, தெருமுனை வரைக்கும், தீட்டு, தீட்டு, தீட்டு. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பெற்ற பெண்ணை இப்படியா ஊர் கேட்கக் கத்துவார்கள்?

அருங்காட்சியகத்தில் உலக்கையை அதன் இடத்தில் சாத்தினேன். மாமா பையன் ஒரு சக்கரத்துக்குச் சிவப்பு அடித்து முடித்திருந்தான். நான் கிட்டே போனேன். வாசலில் நின்றிருந்த அம்மா, “டேய், எட்டப் போ. தீட்டு” என்றார். அவன் பிரஷைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். அம்மா வாசலைவிட்டு நகரவில்லை. நான் மஞ்சள் அடித்தேன். அந்தச் சிவப்புச் சக்கரத்தின் மேலேயும் அடித்தேன். அடியில் என் பெயரை எழுதினேன்.

கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ஒருவர் பொக்லைனின் கையைத் தூக்கி இறக்கிப் பார்த்து, பெரியவளானதும் என்ஜினியர் ஆகப்போகிறாயா என்று கேட்டார். இல்லை, இதை ஓட்டப்போகிறேன் என்றேன். சிரித்தார்கள். அக்காவுக்குச் சாவி நிலைத்தது. அவர்கள் வண்டி கிளம்பியதும் அத்தை உள்ளே வந்து, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் உலக்கையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போய்க் குடிசையில் உட்கார்ந்தேன். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது, மாமா சீர் வாங்கியாகிவிட்டது. அதனால் எல்லாம் முறைப்படியே நடந்தது.

அம்மாவோடு மட்டும் நான் வெகுநாள் பேசவில்லை. காரணம் இருந்தது. குடிசையில் நான் இருந்த நாள்களில் அத்தை தூங்கிய பிறகு அம்மா உள்ளே வருவார். என் தட்டிலேயே சாப்பிடுவார். தலை வாரி விடுவார். என்மேல் கையைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே படுப்பார். உள்ளே அப்படி இருந்தவர் தெருவில் இப்படிக் கத்தினால் அதற்கு என்ன பெயர்? இரட்டை நாக்கு என்று நினைத்தேன். மன்னிக்கவே கூடாது என்று முடிவு செய்தேன்.

மாமா லாரி அச்சைத் தூக்கி மாட்டுகிற ஆள். நினைத்திருந்தால் என்னையும் உலக்கையையும் சேர்த்து ஒரே கையில் அள்ளிக்கொண்டு வீட்டில் போட்டிருப்பார். அவர் தொடாமல் விலகியது என் கோபத்துக்குப் பயந்துதான் என்று நான் அன்றைக்கு நம்பினேன்.