குறையாத நான்கு அறைகள்

கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தில் சூப்பர்வைசரான அவரை எல்லோரும் முழுசு சார் என்றார்கள். முதுகு திரும்பினால் வெறும் முழுசு. யார் வந்து எந்த வேலை முடிந்தது என்று சொன்னாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "முழுசா?" அரைவாசி, முக்கால்வாசி எல்லாம் அவரிடம் செல்லாத காசு. தொண்ணூறு சதவீதம் ஆச்சு சார் என்று ஒரு மேஸ்திரி மார்தட்டினால், "அப்ப சைபர்" என்று எழுதிக்கொண்டு நகர்ந்துவிடுவார். மிச்சமுள்ள பத்து சதவீதத்தில்தான் பாதி ஆயுசு போகிறது என்பது அவர் கட்சி.

அவர் முறை ரொம்ப எளிது. ஒவ்வொரு அறைக் கதவிலும் ஓர் அட்டை தொங்கும். பூச்சு, வயர், குழாய், டைல்ஸ், கதவு, பெயிண்ட், துப்புரவு என ஏழு வேலை. ஒரு வேலை முடிந்ததை அவரே கண்ணால் பார்த்தால் பென்சிலால் ஒரு கோடு. ஏழு கோடு விழுந்தால் அறை முடிந்தது. ஆறு விழுந்தால் முடியவில்லை. சனிக்கிழமைதோறும் மாடி மாடியாக ஏறி எண்ணுவார். மீதி அறைகளை, வாரத்துக்கு முடியும் அறைகளால் வகுத்து, மழைக்கும் காய்ச்சலுக்கும் என்று ஒரு வாரம் கூட்டினால் தேதி வந்துவிடும். ஒன்பது வருடத்தில் எட்டுக் கட்டடம். ஒன்றுகூட இரண்டு நாளுக்கு மேல் பிசகியதில்லை. என்ஜினியர்கள் கம்ப்யூட்டரில் கலர் கலராகக் கட்டம் போட்டு முதலாளிக்குக் காட்டுவார்கள். பிறகு தகரக் கொட்டகை ஆபீசுக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, சரி, நிஜமா எப்ப முடியும் என்று இவரிடம் கேட்பார்கள்.

வீட்டுக்குச் சொன்ன தேதி மட்டும் பலித்ததே இல்லை. ஒரு கட்டடம் முடியும் முன்பே அடுத்ததற்கு அஸ்திவாரம் தோண்டி வைத்திருப்பார்கள். வருடத்துக்குப் பத்து நாள், விருந்தாளி மாதிரி போய்வருவார். மகளுக்கு எட்டு வயதாக இருக்கும்போது விமானம் ஏறியவர். இப்போது அவளுக்குப் பதினேழு. வருகிற இருபதாம் தேதி தூரத்துக் கல்லூரி ஒன்றுக்குப் படிக்கப் போகிறாள். அதற்கப்புறம் அவளும் லீவுக்கு வருகிறவள், இவரும் லீவுக்கு வருகிறவர். இரண்டு லீவும் ஒன்றாக விழுவது எத்தனை தடவை என்று ஒருநாள் தாளில் போட்டுப் பார்த்தார். வந்த எண்ணைப் பார்த்துவிட்டுத் தாளைக் கிழித்துப் போட்டார். அவள் கிளம்பும் முன் கொஞ்ச நாளாவது ஒரே கூரைக்குக் கீழே இருந்துவிட வேண்டும். ஒன்பதாவது கட்டடத்தோடு வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். நிர்வாகம் ஒத்துக்கொண்டது. ஒரே நிபந்தனை: நூற்று நாற்பத்தெட்டு அறையும் முழுசாக முடிந்தது என்று அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் டிக்கெட்.

மனைவியிடம் பத்தாம் தேதி என்று சொல்லியிருந்தார்.

"இது கட்டடத்துக்குச் சொல்ற தேதியா, வீட்டுக்குச் சொல்ற தேதியா?" என்று கேட்டாள் அவள்.

"இந்தத் தடவை ரெண்டும் ஒண்ணுதான்."

"பாப்போம்" என்றாள். ஒன்பது வருடம் பாப்போம் சொல்லிப் பழகிய வாய்.

இந்தப் பேச்செல்லாம் மதிய நேரத்தில் நடக்கும். தகரக் கொட்டகையில் சிக்னல் கிடைக்காது. கட்டடத்துக்குள்ளும் ஜன்னல்களுக்குக் கண்ணாடி ஏற ஏற, நேற்றுக் கிடைத்த மூலையில் இன்று கிடைக்காது. சாப்பாட்டு வேளையில் ஆட்கள் கீழே இறங்கியதும், பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மேலே போவார். முடிந்த அறை ஏதாவது ஒன்றைத் திறந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, பத்து நிமிடம் பேசிவிட்டுப் பூட்டிக்கொண்டு வருவார்.

கணக்கு ஒழுங்காகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது. மீதி முப்பத்தாறு, அடுத்த வாரம் இருபத்து மூன்று, பிறகு பன்னிரண்டு. மூன்றாம் தேதி எண்ணியபோது நான்கு. பத்தாம் தேதி சைபராக இருக்க வேண்டும்.

பத்தாம் தேதியும் நான்கு.

எண்ணியதில் பிழை என்று மறுபடி முதல் மாடியிலிருந்து ஏறினார். பிழை இல்லை. அதைவிட மோசம், இவை போன வாரத்து நான்கு அல்ல. அந்த நான்கும் சுத்தமாக முடிந்திருந்தன. ஏழு கோடு விழுந்து, பூட்டி, சாவி மாட்டிய அறைகளில் வேறு நான்கு கெட்டுப்போயிருந்தன. நான்கிலும் ஒரே மாதிரி. ஜன்னலோரச் சுவரில், புதுப் பெயிண்டின் மேல், உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஒரு வட்டம். உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் தலை உயரத்தில். கீழே டைல்ஸில் நான்கு சின்னக் கீறல்.

சாவிக்கொத்து இருப்பது இரண்டு பேரிடம்தான்: அவரிடம் ஒன்று, பெயிண்ட் மேஸ்திரியிடம் ஒன்று. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினார். மேஸ்திரி வட்டத்தைப் பார்த்தார், அறையைப் பார்த்தார், கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். ஆட்கள் பத்து நாளாகச் சொல்கிறார்கள், நான்தான் நம்பவில்லை என்றார். சாப்பாட்டு நேரத்தில் மாடியில் யாரோ பேசுகிற சத்தம் கேட்கிறதாம். போய்ப் பார்த்தால் அறை பூட்டியிருக்கிறதாம். மூன்று பேர் வேறு சைட்டுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

"மேல ஒருத்தன் குடியிருக்கான் சார். வாடகை கேக்கலாம்னா ஆள் சிக்க மாட்டேங்குறான்."

"என்ன பேசுறானாம்?"

"வார்த்தை புரியலையாம். ஆம்பளைக் குரல்தான். ஆனா சின்னப் புள்ளைகிட்ட கொஞ்சுற மாதிரி இருந்துச்சாம்."

முழுசு சாருக்குப் பிடரியில் ஈரத்துணி பட்டதுபோல் இருந்தது. பேய் பிசாசில் அவருக்கு நம்பிக்கை கிடையாது, எண்ணிக்கையில் உண்டு. ஆனால் எண்ணிக்கையே இப்போது அந்தக் கட்சிக்குப் போய்விட்டது. வாரத்துக்கு நான்கு அறையைச் சரிசெய்கிறார்கள், வாரத்துக்கு நான்கு கெடுகிறது. மீதி நான்கை எதனால் வகுப்பது? சைபரால். அவர் வாழ்நாளில் தாள் அவருக்குத் தேதி தராமல் இருந்தது அதுதான் முதல் தடவை. இந்தக் கணக்குப்படி அந்தக் கட்டடம் முடியவே முடியாது. அவரும் அதைவிட்டுக் கிளம்பவே முடியாது.

பதினேழாம் தேதி சனிக்கிழமை இன்னும் ஒரு தடவை எண்ணலாம். அன்று கையெழுத்தானால் சாயங்கால விமானம், பதினெட்டாம் தேதி காலை வீடு. முழுசாக இரண்டு நாள் கிடைக்கும். அன்றும் நான்கு என்றால் ஒரு நாள்கூட இல்லை.

ஆகவே திங்கட்கிழமை அவனைப் பிடித்துவிடுவது என்று ஏறினார். சாப்பாட்டு மணி அடித்து ஆட்கள் இறங்கும்வரை பொறுத்திருந்து, ஏழாம் மாடியில் கோடியில் இருந்த அறையைத் திறந்து, நாற்காலியைப் போட்டு, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். காலி லிஃப்ட் குழிக்குள் காற்று ஏறி இறங்குவது கேட்டது. எங்கோ ஒரு குழாய் டொக் டொக் என்று இரண்டு தடவை தட்டிவிட்டு நின்றது. வேறு சத்தம் இல்லை. கால்மணி நேரம் கழித்து மகள் கூப்பிட்டாள். பேசாமல் இருக்க மனம் வரவில்லை. பையெல்லாம் எடுத்து வைத்தாயா, என் கண்ணு என்ன சாப்பிட்டாள் என்று வழக்கம்போல் சின்னப் பிள்ளையிடம் கொஞ்சுவதுபோல் பேசினார். அவள் வழக்கம்போல் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். போனை வைத்தபோது, இவ்வளவு நேரமும் யாரோ பக்கத்தில் இருந்து கேட்டதுபோல் ஒரு நினைப்பு. எழுந்து திரும்பினார்.

அவர் முதுகுக்குப் பின்னால், சுவரில், அந்த வட்டம் இருந்தது.

உள்ளே வந்தபோது அது இல்லை. சத்தியமாக இல்லை. கையை நீட்டித் தொட்டார். சுவர் வெதுவெதுவென்று இருந்தது.

ஐந்து மாடியை எப்படி இறங்கினார் என்று தெரியாது. இரண்டாம் மாடிப் படியில், திறந்த ஜன்னலருகே உட்கார்ந்தபோதுதான், ஓடி வருமுன் அதைப் போட்டோ எடுத்திருக்கிறோம் என்று கண்டார். கை பழக்கம். கெட்டுப்போனதைப் படம் எடுக்காமல் அவர் எந்த அறையையும் விட்டதில்லை. மனைவிக்கு அனுப்பினார். பத்தாம் தேதி ஏன் தவறியது என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். பூட்டிய அறை, மாடியில் குரல், வெதுவெதுப்பு.

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"நீங்க எங்க உக்காந்து எங்களோட பேசறீங்க?"

"அதான், ஏதாவது ஒரு அறையில..."

"தெனம் ஒரே அறையா?"

"சிக்னல் எங்க கிடைக்குதோ அங்க."

"அது உங்க தலை எண்ணெய்ங்க" என்றாள். "எத்தனை வருஷம் உங்க தலைகாணி உறையத் தொவைச்சிருக்கேன். எனக்குத் தெரியாதா? போன் பேசும்போது செவுத்துல தலையச் சாய்ச்சுக்குவீங்க. நம்ம வீட்டுக் கூடத்துலயும் அப்படியே ஒண்ணு இருக்கு. ரெண்டு தடவை பெயிண்ட் அடிச்சும் திரும்ப மேல வந்துடுச்சு. சின்னதுல பாப்பா அதுக்கு டாட்டா காட்டிட்டுத்தான் ஸ்கூலுக்குப் போவா."

ஒன்பது வருடமாக வந்துபோகிறவருக்கு அந்தக் கறை தெரியாது. அதன் முன்னால்தான் அவரை உட்கார வைப்பார்கள். தலை அதை மறைத்திருக்கும்.

படியில் உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டார். வாரத்தில் நான்கு நாள் பேச்சு, நாளுக்கு ஓர் அறை, கீறல் நான்கும் நாற்காலிக் கால். அட்டையும் கோடும் இல்லாத தன் பத்து நிமிடத்தை மட்டும் அவர் எதிலும் சேர்த்ததில்லை. எல்லாவற்றையும் எண்ணியவர், எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்த ஆளை எண்ணவில்லை. வெட்கமாக இருந்தது, வெட்கத்துக்கு அடியில் பெரிய நிம்மதி. மேஸ்திரியிடம் போய்ச் சொன்னார். மேஸ்திரி சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தான்.

"அப்ப அந்தப் பேய்க்கு நாங்கதான் தெனமும் வணக்கம் சொல்லிட்டு இருந்தோமா சார்?"

சாவிக்கொத்தை மேஸ்திரியிடம் கொடுத்தார். அந்த வாரம் கட்டடத்துக்குள் கால் வைக்கவில்லை. கீழே சிக்னல் இல்லாததால் வீட்டுக்குப் பேசவும் இல்லை. கேட்டுக்குப் பக்கத்தில் வெயிலில் நின்று, மீதி அறைகள் மேலே முடிவதைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தார்.

பதினேழாம் தேதி தரைக்கெல்லாம் மெழுகு போட்டு விட்டிருந்தார்கள். ஒரு செருப்புத் தடம் பட்டாலும் துப்புரவுக் கோடு போய்விடும். நீங்கள் ஏற வேண்டாம், நான் துணி சுற்றிய காலோடு போய் அட்டைகளைப் பார்த்துவிடுகிறேன் என்றார் மேஸ்திரி. பென்சிலை நீட்டினார் முழுசு சார். பார்க்காத அறைக்குக் கோடு போடுவது இதுவே முதல் தடவை. மேஸ்திரி ஒவ்வொரு மாடியாக ஏறி, ஜன்னலிலிருந்து எண்ணைக் கத்தினார். இவர் கீழே நின்று எழுதிக்கொண்டார். மூன்று மணிக்கு மொத்தம் போட்டார். நூற்று நாற்பத்தெட்டு. என்ஜினியர் தாளோடு நின்றார். வண்டி வாசலில் காத்திருந்தது.

மேஸ்திரி இறங்கி வந்து பென்சிலைத் திருப்பிக் கொடுத்தார்.

"முழுசா ஆச்சு சார். அந்த ஏழாம் மாடிக் கோடி ரூம்தான் உயிர வாங்கிடுச்சு. மூணு தடவை அடிச்சேன், ரெண்டையும்."

"ரெண்டா?"

"உங்களோடது ஒண்ணு. எதிர்ச் செவுத்துல ஒண்ணு. உங்களப் பாத்த மாதிரி."

"எதிர்ல நான் உக்காந்ததே இல்லையே."

"அது ரொம்ப கீழ இருந்துச்சு சார். ஏழெட்டு வயசுப் புள்ளை உக்காந்தா வர்ற உயரம்." மேஸ்திரி சிரிக்க ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "தரையில கீறல் ஒண்ணும் இல்ல. இப்ப செவுரு சுத்தமா இருக்கு. வேணும்னா ஏறிப் பாத்துடுங்க."

ஏறிப் பார்த்தால் மெழுகு போகும். மெழுகு போனால் கோடு போகும், விமானம் போகும், இரண்டு நாளும் போகும். வேலையில் சேர்ந்த நாள் முதல், சந்தேகம் என்று ஒன்று வந்தால் ஏறிப் பார்க்காமல் அவர் இருந்ததில்லை. தாளை வாங்கினார். வண்டியின் முன்பக்க மூடியின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

வண்டி பாலம் ஏறும்போது மகள் கூப்பிட்டாள். ஒரு வாரம் கழித்துக் கேட்கும் குரல். அது எத்தனை கனமாக, எத்தனை நிதானமாக இருக்கிறது என்று அன்றுதான் காதில் விழுந்தது. கண்ணு, செல்லம் என்று ஆரம்பிக்க நாக்கு வரவில்லை. பெரிய மனுஷியிடம் பேசுவதுபோல் பேசினார்.

"கிளம்பிட்டேன்மா. காலையில ஆறு மணிக்கு வந்துடுவேன்."



"யாருங்க பேசறது? அப்பாகிட்ட போனைக் குடுங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டு பழைய குரலைத் தேடினார். அது ஏழாம் மாடியில் எந்த அறையில் நின்றுவிட்டது என்று அவருக்குத் தெரியும். வண்டியைத் திருப்பச் சொல்லவில்லை.

"நான்தாம்மா" என்றார். "காலையில வாசல்ல வந்து நிப்பேன். நேர்ல பாத்துத் தெரிஞ்சுக்க."