ஒலிபெருக்கிக்குக் கீழே நின்றவள்

மா கேத்திக்குக் கல்யாணம் ஆகவில்லை. யாராவது கேட்டால், "அதான் மைக்கைக் கட்டிக்கிட்டேனே, போதாதா?" என்பாள். எங்கள் ஜங்ஷனில் யாங்கோன் வண்டியும் மாண்டலே வண்டியும் வருவதை இருபது வருஷத்துக்கு மேலாக அறிவித்தது அவள் குரல்தான். நான் ஓன் செய்ன், அதே நிலையத்தில் ரயில் பெட்டி கழுவியவள். நான் வாயைத் திறந்தால் காக்காய் பறக்கும். அவள் வாயைத் திறந்தால் அழுகிற பிள்ளை வாயை மூடும். அப்படியொரு குரல்.

பட்டாளத்தார் ஆட்சியைப் பிடித்தபோது நாங்கள் கல்லெடுத்தோமா, கத்தி எடுத்தோமா? வேலைக்குப் போகவில்லை, அவ்வளவுதான். டிரைவர் வண்டி எடுக்கவில்லை, கொடிக்காரர் கொடி காட்டவில்லை, கேத்தி மைக்கைத் தொடவில்லை. நாங்கள் தேர்ந்தெடுத்தவர்களைச் சிறையில் வைத்தவனுக்கு நாங்கள் ஏன் உழைக்கவேண்டும்? வண்டிகள் அசையாமல் நின்றன. ஊரே எங்களுக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்தது.

பிறகு துப்பாக்கியோடு வந்து ரயில்வே குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னார்கள். கட்டிலைத் தூக்கவா, அண்டாவைத் தூக்கவா என்று நான் அல்லாடிக்கொண்டிருக்க, அவள் ஒரு துணிமூட்டையோடு நிலையத்தைப் பார்த்தபடி நின்றாள். "நடடி, அது எங்க ஓடிப்போகுது!" என்று நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். கடலை எண்ணெய்ச் செக்கு வைத்திருந்தவர் தன் கொட்டகையில் இடம் கொடுத்தார். அங்கிருந்து தண்டவாளம் தெரியாது. ஆனால் சத்தம் கேட்கும்.

பல மாதம் எதுவும் கேட்கவில்லை. ஓய்வு பெற்ற கிழவர்களை மிரட்டிக் கூட்டிவந்து வண்டியை ஓட்டத் தொடங்கிய அன்றைக்குத்தான் அது கேட்டது. முதலில் மணி, அடுத்து கேத்தியின் குரல். "யாங்கோன் செல்லும் வண்டி இரண்டாம் நடைமேடைக்கு வருகிறது. பயணிகள் பத்திரமாகப் போய் வாருங்கள்." நான் திரும்பிப் பார்த்தேன். கேத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அது நான்தான்," என்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவின்போது அவளுக்குத் தொண்டை கட்டும்போல இருந்ததாம். எதற்கும் இருக்கட்டும் என்று முன்கூட்டியே பதிவு செய்துவைத்தார்களாம். "அன்னிக்குப் புது லுங்கி கட்டி, தலையில பூ வெச்சுக்கிட்டுப் போனேன், ஓன். யாரு பார்க்கப் போறாங்கன்னு எல்லாரும் சிரிச்சாங்க." சொல்லிவிட்டு அந்தப் பூண்டையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

பாழாய்ப்போன அந்தப் பதிவு எங்களைச் சும்மா விடவில்லை. மறுநாள் சந்தையில் மீன்விழுது விற்கிற டோ புவா, கேத்தியைக் கண்டதும் பானையை மூடிவிட்டாள்.

"சர்க்காரு சம்பளம் வாங்குற மகாராணிக்கு எங்க நாத்தம் புடிச்ச மீன்விழுது எதுக்கு? போம்மா, போ."

"யாரைப் பார்த்துடி சொல்ற?" என்று நான் பாய்ந்தேன். "இவ என்கூடத்தான் செக்குக் கொட்டகையில கிடக்கா. அது டேப்புல போடுறது!"

"டேப்பாம்ல டேப்பு! என் மவன் ஜெயில்ல கிடக்கான். உன் தோழி மைக்குல கொஞ்சிக்கிட்டு இருக்கா. என் காது அவிஞ்சா போச்சு?"

அப்புறம் யாரும் எங்களுக்கு எதையும் விற்கவில்லை. பட்டாளத்துக்கு வேலை செய்பவர்களோடு கொடுக்கல் வாங்கல் கிடையாது என்பது ஊரின் முடிவு. நல்ல முடிவுதான், நானும் அதற்குக் கை தூக்கியவள்தான். கேத்தி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "நான் சொன்னா எப்படி நம்புவாங்க? என் குரலே அங்க நின்னு வேற சொல்லுதே," என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது. அதைவிட எரிந்தது எதற்கென்று சொல்கிறேன். ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் அவள் கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டுக் கேட்பாள். ஊருக்குப் போன தங்கச்சி பேசுவதைக் கேட்கிற மாதிரி கேட்பாள். உதடு கூடவே அசையும்.

ஒரு நாள் நிலைய அதிகாரி ஊ பா தின் கொட்டகைக்கே வந்தார், கையில் பால் டின்னோடு. அவர் வேலைக்குத் திரும்பிவிட்டவர்.

"கேத்தி, நீ இருக்கிற இடத்தை நான் யாருக்கும் சொல்லல. ஆனா பட்டாளத்துக்காரங்க உன் பேரைச் சொல்லித் தேடுறாங்க. வண்டி ஒரு நேரத்துக்கும் வர்றதில்ல, டேப்பு பாட்டுக்கு ரெண்டாம் நடைமேடைங்குது, ஜனங்க மூட்டையத் தூக்கிக்கிட்டு அங்கயும் இங்கயும் ஓடுதுங்க. நீயா வந்துட்டா வீடு திரும்பக் கிடைக்கும். மைக்கும் உன்னோடதுதான்."

கேத்தி அவர் கீழே வைத்த பால் டின்னையே பார்த்தாள். பிறகு கேட்டாள்: "மைக் ரூம்ல அந்த ஃபேன் இன்னும் கடகடங்குதா?"

"கடகடங்குது."

"ஒரு துணியை மடிச்சு அதுக்கு அடியில வைப்பேன். இப்ப யாரும் வைக்கிறதில்ல போல." அவள் கண் நிறைந்துவிட்டது. போய்விடுவாளோ என்று எனக்குப் பக்கென்றது. ஆனால் அவள் பால் டின்னை அவர் பக்கமே நகர்த்தினாள். "நான் வரல ஐயா. என் குரலை மட்டும் அழிச்சிடுங்க. புண்ணியமாப் போகும்."

"அது இலாகா சொத்தும்மா," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் கேத்தி சோளம் அவித்துக் கூடையில் அடுக்கினாள். தனக்கா மரப்பட்டையை அரைத்துக் கன்னத்தில் பூசிக்கொண்டாள். எங்கே என்று கேட்டேன். வண்டி வரும் நேரத்துக்கு நிலையத்துக்கு என்றாள்.

"பைத்தியமாடி உனக்கு? பிடிச்சாங்கன்னா கட்டிப்போட்டு மைக் முன்னாடி உட்கார வெப்பானுங்க!"

"அவனுங்க வெளியூர்க்காரனுங்க, ஓன். என் மூஞ்சி தெரியாது, குரல்தான் தெரியும். நம்ம ஊருக்கு ரெண்டும் தெரியும். வாயை மூடிக்கிட்டு நிக்கிறேன். அவங்களே பார்க்கட்டும்."

விட்டுவிட முடியுமா? நானும் பின்னாலேயே போனேன். நடைமேடையில் நல்ல கூட்டம். டோ புவா பானைகளை வண்டியில் ஏற்றக் காத்திருந்தாள். கேத்தி நேராகப் போய் ஒலிபெருக்கிக்குக் கீழே கூடையை வைத்து, தலையை நிமிர்த்தி நின்றாள். மணி அடித்தது. மேலே அவள் குரல் பேசியது. கீழே அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள்.

முதலில் ஒரு பழக்காரி பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். ஒவ்வொரு தலையாக மேலே பார்த்தது, பிறகு கேத்தியைப் பார்த்தது. டோ புவா பானையைக் கீழே வைத்துவிட்டு வாயில் கையை வைத்துக்கொண்டாள். கூட்டம் மொத்தமும் கப்பென்று அடங்கிவிட்டது. அந்த அமைதிதான் சிப்பாய்களை அங்கே இழுத்து வந்தது.

"யாரு நீ? எல்லாரும் எதுக்கு உன்னைப் பார்க்கிறாங்க?" என்றான் ஒருவன்.

கேத்தி பேசவில்லை. பேசினால் தீர்ந்தது.

"கேக்கிறேன்ல? பேரு என்ன? வாயில நாக்கு இல்லையா?"

"இல்ல தம்பி!" டோ புவா முட்டி மோதிக்கொண்டு முன்னால் வந்தாள். "அவ ஊமை. பொறவி ஊமை. பாவம், விலை சொல்லத் தெரியாம முழிக்கிறா, அதான் எல்லாரும் பார்க்கிறோம்."

"ஆமா, ஊமைதான்," என்றாள் பழக்காரி. "ஊமைப்பா, விடு," என்றது பின்னாலிருந்து இன்னொரு குரல். மேலே மணி மறுபடியும் அடித்து, அந்த ஊமையின் குரல் எங்கள் எல்லோரையும் பத்திரமாகப் போய் வரச் சொன்னது.

சிப்பாய் நம்பவில்லை. கொடியோடு நின்ற ஊ பா தின்னைக் கூப்பிட்டான். "உங்க நிலையம்தானே? இவ யாரு?"

ஊ பா தின் கேத்தியைப் பார்த்தார். சாமி, அந்த நேரம் நான் கும்பிடாத தெய்வமில்லை.

"சோளம் விக்கிறவ," என்றார். "ஊமை. ஊருக்கே தெரியும்."

அவர்கள் இரண்டு சோளத்தை எடுத்துக் கடித்துக்கொண்டு போனார்கள். டோ புவா கேத்தியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். பரவாயில்லை என்று சொல்ல கேத்தி வாயைத் திறந்தாள். டோ புவா மீன்விழுது நாறும் கையால் சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள்.

"பேசாதடி என் கண்ணே. இனிமே வெளியில பேசவே பேசாத. இவனுங்க ஒழியற வரைக்கும்."

அன்றிலிருந்து கேத்தி எங்கள் ஊருக்கு ஊமை. சந்தையில் எல்லோரும் அவளிடம் கைஜாடை காட்டுகிறார்கள், 'ஏ ஊமை' என்று வேண்டுமென்றே சத்தமாகக் கூப்பிட்டு, சிப்பாய்களுக்குக் கேட்கும்படி. எல்லாப் பானையும் அவளுக்குத் திறக்கிறது. ஆனால் கொட்டகைக் கதவைச் சாத்திய பிறகும் அவள் பேசுவதில்லை. உள்ளே ஒரு பேச்சு, வெளியே ஒரு பேச்சு என்றால் என்றாவது வாய் தவறிவிடுமாம். அதைக்கூடக் கையால்தான் சொன்னாள். "என்கிட்டயுமாடி?" என்று கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். என் தலையைத் தடவிக் கொடுக்கிறாள், அவ்வளவுதான்.

அதனால் வண்டி வரும் நேரத்துக்கு, இன்னும் தெளிவாகக் கேட்கும் என்று நான் தெருமுனைக்குப் போய் நிற்கிறேன். பட்டாளத்தானின் ஒலிபெருக்கி. நின்று கேட்கக்கூடாதுதான். ஆனால் கேத்தியின் குரல் இப்போது அங்கே மட்டும்தான் இருக்கிறது. கேட்கிறேன்.