புளியங்கொட்டை மணிகள்

நான் பொய் எழுதினேன். என் முனைவர் பட்ட ஆய்வேட்டில், "ஈயத்தை மட்டும் பிடிக்கும்" என்று. அந்த ‘மட்டும்’ பொய்.

மறைத்து மறைத்து அலுத்துவிட்டது. நீங்களாவது கேளுங்கள்.

புளியங்கொட்டைப் பசையில் அமிலத் தொகுதிகளை வேதிமுறையில் ஒட்டி, சிறு மணிகளாக்கினேன். தண்ணீரில் கரைந்த ஈய அயனிகளை அவை பிடித்துக்கொள்ள வேண்டும். காரைக்குடியில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில், காய்ச்சி வடித்த நீரில் ஈயம் கலந்து சோதித்தேன். மிச்சமே இல்லை! தலைகால் புரியவில்லை எனக்கு.

ஊருக்கு வெளியே, பழைய பேட்டரி உடைக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் செல்வியின் வீடு. சித்தாள் வேலை; அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. கிணற்றில் ஈயம் என்பதால் தொலைவிலுள்ள பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சுமந்தார். மணிகளை நிரப்பி ஒரு வடிகட்டி கொடுத்தேன். என்னை நம்பிக் குழாய்க்குப் போவதை நிறுத்தினார்.

மறுவாரம்தான் அவர் கிணற்று நீரிலேயே சோதித்தேன். ஈயம் பெரும்பாலும் அப்படியே இருந்தது!

எங்கள் பக்கத்துத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அந்தக் கால்சியம் முந்திக்கொண்டு மணிகளை நிரப்பிவிட்டது. அந்தப் பாத்திரங்களைத் தேய்த்தே வளர்ந்தவன் நான். எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று?

கந்தகத் தொகுதிகளை ஒட்டியிருந்தால் கால்சியத்தை விட்டு ஈயத்தைப் பிடித்திருக்கும். அதற்கு இன்னும் ஓராண்டு உழைக்க வேண்டும்... ஆய்வேட்டுக்குக் கெடுவோ நெருங்கிவிட்டது. அந்தச் சோதனைத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

"குடிக்காதீக" என்று செல்வியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாரே! விஷயம் வெளியே வந்தால் பட்டம் போய்விடும். அவ்வளவுதான் காரணம். வெட்கக்கேடு!

பட்டம் வந்தது, இதே கல்லூரியில் வேலையும் வந்தது. செல்விக்கு மகன் பிறந்தான். மூன்று வயதாகிறது, இன்னும் பேச்சு வரவில்லை. ஈயத்தாலா? தெரியாது. தெரிந்துகொள்ள ஓர் இரத்தப் பரிசோதனை போதும். அதைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு கல்லூரிக்கே வந்தார். கையில் ஒரு பை நிறையக் கழுவிக் காயவைத்த புளியங்கொட்டை.

"நல்லா இருக்கீகளா சார்? மணியெல்லாம் பழசாப் போச்சு. கொட்டைய நானே பொறுக்கியாந்துட்டேன், புதுசாச் செஞ்சு குடுங்க. இவன் வேற தண்ணி தொடவே மாட்டேங்கிறான். உங்க தண்ணியத்தேன் கையக் காட்டிக் கேக்குறான்!"

சொல்லிவிடு, இப்போதாவது சொல்லிவிடு...

"வச்சுட்டுப் போங்க செல்வி" என்றேன்.

பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். பை இன்னும் என் மேசைமேல் இருக்கிறது. அந்த வீட்டில் இன்றைக்கும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.