வெள்ளிக்கிழமை எரிமலை

பனிக்கட்டியை அறுத்து, உருக்கி, அதனுள் அடங்கிக் கிடக்கும் பழைய தூசியைத் தேடுவதே எங்கள் தொழில். கிடைத்த தூசி எவருடையது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளவேண்டும் என்பதை நான் பிந்தித்தான் கற்றேன். அந்நிய நாட்டில் ஆய்வு மாணவராக அல்லற்பட்ட அன்பர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். வடதுருவத்தை ஆராயவே யாழ்ப்பாணத்திலிருந்து ஆசைப்பட்டேன். உதவித்தொகை கிடைத்தது மெல்பேணில். அங்கிருந்து அண்மையது தென்துருவம் என்பதால் அதனோடு அமைந்துகொண்டேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது.

கோடையில் ஒரு கம்பளி

எங்கள் குளிரறை உறைநிலைக்கு மிகவும் கீழே இருக்கும். அதற்கென்று தந்த தடித்த மேலங்கியை நான் ஆய்வகத்தில் விட்டுவரவில்லை. தொலைந்தால் என்ன செய்வது என்ற அச்சம். கையில் சுமக்கவும் இயலாத பருமன். ஆகவே அந்நாட்டுக் கோடையான தை மாத அனல்வெயிலில் அதை அணிந்துகொண்டே ட்ராமில் ஏறினேன். வியர்வை பெருகிற்று. சீட்டுக் கொடுக்க வந்த கண்டக்டர் என்னைத் தலை முதல் கால்வரை பார்த்துவிட்டு மிகுந்த பரிவோடு கேட்டார்:

“குளிருதா, மேட்? ஜன்னலைச் சாத்தட்டுமா?”

அன்ரியின் வேண்டுகோள்

அந்நாளில் எங்களுக்கு அங்கே கோயில் இல்லை. வெள்ளி மாலைகளில் யாழ்ப்பாணத்து மருத்துவர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் பதிகம் பாடுவோம். ஒருநாள் அவருடைய மனைவி, எங்களுக்கெல்லாம் அன்ரி, என் படிப்பை விசாரித்தார். பனிப்பாளங்களின் அடுக்குகள், அவற்றில் படிந்த எரிமலைச் சாம்பல், அதைக்கொண்டு காலத்தைக் கணிக்கும் முறை அனைத்தையும் விரிவாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

“நல்லதாப் போச்சு தம்பி. எங்கட பிரிஜ்ஜுக்கை ஐஸ் மலை மாதிரிக் கட்டிப்போய்க் கிடக்கு. குசினிக்கை வந்து ஒருக்காப் பாத்துவிடுங்கோவன்.”

பேராசிரியரின் பார்வை

அவ்வாண்டுக் கோடையில் பனிக்கண்டத்துக்குச் செல்லும் கப்பலில் எங்கள் துறைக்கு ஓர் இடம். அது எனக்கா, சகமாணவன் பிரையனுக்கா என்பது எங்கள் முடிவுகளைப் பொறுத்தது. போகாவிடில் என் ஆய்வு அரைகுறையாகவே நின்றுவிடும். அவ்வேளையில் என் பனித்துண்டுகளில் சாம்பல் அடுக்குகள் வரிசையாக வெளிப்பட்டன. எவரும் அறியாத எரிமலை! இறைவன் திருவருள் என்று உருகினேன்.

பேராசிரியர் உருகவில்லை. “இந்தத் துண்டை என்றைக்கு அறுத்தாய்?” என்றார். வெள்ளிக்கிழமை என்றேன். “இதை?” அதற்கு முந்திய வெள்ளி. மற்ற நாள்களில் திருநீற்றை நீரில் குழைத்து மெல்லிய கீற்றாக இடுவேன். வெள்ளிதோறும் காலையில் என் அறையில் பூசை முடித்து உலர்ந்த நீற்றை நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, நேரே வந்து வாளும் கையுமாகப் பனியின்மேல் குனிவேன். அவர் பார்வை மெல்ல உயர்ந்து என் நெற்றியில் நின்றது.

“உன் எரிமலையைக் கண்டுபிடித்துவிட்டேன். உன் புருவத்துக்குச் சற்று மேலே இருக்கிறது.”

நெற்றிக்கு ஒரு கட்டு

நெற்றியை வெறுமையாக விட மனம் ஒப்பவில்லை. கப்பலை விடவும் ஒப்பவில்லை. மருந்துக்கடையில் அகன்ற ஒட்டுத்துணி வாங்கி, திருநீற்றின்மேல் ஒட்டிக்கொண்டு எல்லாத் துண்டுகளையும் மீண்டும் அறுத்தேன். சாம்பல் மறைந்தது, என் புகழும் உடன் மறைந்தது. ஆயினும் எஞ்சிய கணிப்புகள் பிழையற்றவை என்று பேராசிரியர் எனக்கே இடம் தந்தார். வழியனுப்ப வந்த பிரையன் ஒட்டுத்துணிப் பெட்டி ஒன்றைப் பரிசளித்தான்.

பனிவெளியில் எங்கள் குழுத்தலைவருக்குச் செய்தி முன்னரே எட்டியிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் துளைகருவியின் பக்கம் போகக் கூடாதென்று என்னைச் சமையலுக்கு அனுப்பினார். நான் அறிந்தது பருப்பும் மிளகாய்த்தூளும் மட்டுமே. முதல் கவளத்திலேயே அவர் முகம் சிவந்தது. கண்ணில் நீர் வழிந்தது. தண்ணீரைக் குடித்து மூச்சு வாங்கியபின் கிண்ணத்தை மறுபடி நீட்டினார்:

“பேராசிரியரிடம் சொல், எரிமலை உண்மையாகவே இருக்கிறது. இன்னும் கொஞ்சம் ஊற்று.”

காலங்காலமாகப் பனிக்குள் உறங்கும் சாம்பலைத் தேடி உலகின் விளிம்புவரை சென்ற எனக்கு, இறுதிவரை அகப்பட்டது வீட்டிலிருந்து நானே கொண்டுபோன சாம்பல் மட்டுமே.